வேலையை விட்ட காரணம்

நாலு மாதமாக வேலையில்லாமல் இருந்த டிகிரி அக்கா, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, வேலை தேடும் தளத்திலிருந்து தன்னுடைய பயோடேட்டாவை டவுன்லோடு செய்து திறந்து பார்த்தபோது, அதில் இருந்த பெண் யாரென்று அவளுக்கே தெரியவில்லை.

பெயர் அவளுடையதுதான். படமும் அவளுடையதுதான். கொழுந்தன் கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படத்திலிருந்து வெட்டி ஒட்டியிருந்ததால், கணவரின் முழங்கை மட்டும் அவள் தோளுக்குப் பின்னால் அநாதையாக நின்றது. மற்றதெல்லாம் வேறு யாரோ. பிறந்த வருடம் ஆறு வருடம் தள்ளி வந்து அவளை இளையவளாக்கியிருந்தது. வணிகவியலில் பட்டம், அதுவும் முதல் வகுப்பில். ஐந்து மொழிகள் சரளமாகப் பேசுவாள் என்றிருந்தது. அதில் ஒரு மொழியை அக்கா காதால்கூடக் கேட்டதில்லை. பொழுதுபோக்கு, நீச்சல். கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியறியாதவள் அவள்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவாள், அதற்கு உரிமம் வைத்திருக்கிறாள் என்பது எங்கேயும் இல்லை. இருபத்து மூன்று வருடம் குளிர்கிடங்கில் நின்றவள், கம்ப்ரசர் ஓடும் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன நோவு என்று சொல்லக்கூடியவள் என்பதும் இல்லை. இல்லாததெல்லாம் வரிசையாக இருந்தது. இருந்ததில் ஒன்றுகூட இல்லை.

இந்தக் கைங்கரியத்தைச் செய்தவன் கொழுந்தன். கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சி ஒன்றில் அவனுக்கு வேலை. ஆறு வருடத்துக்கு முன்னால், மாதத்துக்கு இத்தனை பேரைத் தளத்தில் சேர்க்க வேண்டும் என்று அவன் தலையில் ஒரு கணக்கைக் கட்டிவிட்டார்கள். அவன் சொந்தபந்தம் ஒருவரையும் விடவில்லை. ஸ்கூல் வேன் ஓட்டும் அண்ணனை ஏற்றுமதி மேலாளராக ஏற்றிவிட்டான். அண்ணியையும் பதிவு செய்திருப்பதாக அப்போது ஒரு வார்த்தை சொன்னதோடு சரி. அவளும் கேட்டுவிட்டு மறந்துபோனாள். வேலை இருந்தவளுக்கு அதெல்லாம் எதற்கு? இப்போது தேவைப்பட்டு உள்ளே நுழையப் போனால், ரகசிய எண் அவன் கைபேசிக்குப் போய் விழுந்தது. அவனைக் கூப்பிட்டுக் கேட்டாள். ஏதோ கூட்டத்தில் இருந்தவன், எதற்கு என்றுகூடக் கேட்காமல் ஆறு எண்களை ஒப்பித்துவிட்டு வைத்துவிட்டான்.

டிகிரி அக்கா என்ற பெயர் வந்ததற்கும் பட்டப்படிப்புக்கும் சம்பந்தமில்லை. பள்ளி இறுதியோடு நின்றவள் அவள். இருபத்து மூன்று வயதில் குளிர்கிடங்கில் பெட்டி ஒட்டும் வேலைக்குச் சேர்ந்து, பிறகு எடை பார்த்து, பிறகு சரக்கு எண்ணி, கடைசியில் உறைநிலை அறைகள் நான்குக்கும் மேற்பார்வையாளர் ஆனாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நான்கு அறைகளின் வெப்பநிலையையும் பார்த்து நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவள் எழுதுவதோடு விடமாட்டாள். அடுத்த கோடியில் இருப்பவனுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்லிக்கொண்டே வருவாள். ஒன்று மைனஸ் பதினெட்டு டிகிரி. இரண்டு மைனஸ் பத்தொன்பது டிகிரி. லாரிக்காரர்கள் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. புதிதாக வரும் அலுவலர்கள், மேடம் எந்தக் கல்லூரி என்று பவ்யமாக விசாரிப்பதும், ஏற்றுக்கூலி ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதும் வருடத்துக்கு ஒருமுறை நடக்கும்.

அப்படிப்பட்டவள் வேலையை விட்ட கதை சின்னதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு அவள் பணிக்கு வந்தபோது மூன்றாம் அறை மைனஸ் மூன்று காட்டியது. முந்தின நாள் மாலையே கம்ப்ரசர் நின்றுபோயிருந்தது. ஆபரேட்டர் விடுப்பில் இருந்தான். தானாக வெப்பநிலையைப் பதியும் ரெக்கார்டரில் பேட்டரி செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. எழுதிப் போட்டும் யாரும் மாற்றவில்லை. காவலாளியைத் தவிர ஆளில்லாததால் நோட்டில் ஒரு இரவு முழுவதும் வெறும் கட்டங்கள். அக்கா நோட்டை எடுத்து, பன்னிரண்டு மணிக் கட்டத்தில் மைனஸ் மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மெக்கானிக்கை வரவழைத்தாள். திங்கட்கிழமை காலைக்குள் அறை பழையபடி மைனஸ் பதினெட்டுக்கு இறங்கிவிட்டது. உள்ளே பட்டாணியும் மீனும் ஐஸ்கிரீமும் இளகி மறுபடி உறைந்திருந்தன.

மேனேஜர் அவளை அறைக்குக் கூப்பிட்டு, நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதுப் பக்கம் எழுதச் சொன்னார். எல்லாக் கட்டத்திலும் மைனஸ் பதினெட்டு. கீழே அவள் கையெழுத்து. அக்கா முடியாது என்றாள். அவர் பொறுமையாகச் சொன்னார், பிறகு கோபமாகச் சொன்னார், பிறகு கதவைச் சாத்திக்கொண்டு தணிந்த குரலில் சொன்னார். மூன்று விதத்துக்கும் அவள் பதில் ஒன்றாகவே இருந்தது. அந்தப் பக்கத்தை அடுத்த ஷிஃப்ட் மேற்பார்வையாளர் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். செவ்வாய்க்கிழமை சரக்கு லாரியேறிப் போயிற்று. அக்காவை அட்டைப்பெட்டிக் கிடங்குக்கு மாற்றினார்கள். அங்கே அவளுக்கு வேலை என்று ஒன்றும் இல்லை. உப்புக்குச் சப்பாணியாக மூன்று மாதம் உட்காரவைத்துவிட்டு, தானாக விலகுவதாக எழுதிக்கொடுக்கச் சொன்னார்கள். அதற்கும் முடியாது என்றாள். கடைசியில் அவர்களே ஒரு கடிதம் கொடுத்தார்கள்: நிர்வாகத்தோடு ஒத்துழைக்காத காரணத்தால் பணியிலிருந்து நீக்கப்படுகிறார்.

ஆக, பயோடேட்டாவைத் திறந்த அந்தச் செவ்வாய்க்கிழமை காலை. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திருத்த ஆரம்பித்தாள். முதலில் பிறந்த வருடத்தை அதன் இடத்துக்கு அனுப்பினாள். மூன்று மொழிகளை அடித்தாள். நீச்சலை எடுத்தாள். பட்டத்தை எடுத்தபோது தளம் சண்டைக்கு வந்தது. அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று சிவப்பு நட்சத்திரம் போட்டு நின்றது. அவள் பட்டியலை மேலும் கீழுமாக உருட்டி, அடியில் ஒளிந்திருந்த 'மற்றவை' என்பதைக் கண்டுபிடித்து, பள்ளி இறுதி என்று தட்டினாள். ஃபோர்க்லிஃப்ட் உரிமத்தைச் சேர்த்தாள். மேலே ஒரு பச்சைக் கோடு இருந்தது. உங்கள் ப்ரொஃபைலின் வலிமை என்று அதற்குப் பெயர். காலையில் தொண்ணூற்று நாலு சதவீதம் காட்டியது, அவள் ஒவ்வொரு பொய்யாக எடுக்க எடுக்கச் சுருங்கி மஞ்சளாகி அறுபத்தொன்றுக்கு வந்து நின்றது.

கடைசியாக ஒரு கட்டம். முந்தைய வேலையை விட்ட காரணம். அக்கா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். பிறகு நிதானமாகத் தட்டினாள்: 'அறையில் இல்லாத வெப்பநிலையை இருந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட மறுத்ததால் நீக்கப்பட்டேன். நீக்கிய கடிதம் என்னிடம் உள்ளது.' சேமி என்பதை அழுத்தியதும் கோடு ஐம்பத்தெட்டுக்கு இறங்கியது.

தளம் கொழுந்தனுக்கும் தகவல் அனுப்பியிருக்க வேண்டும். மதியம் மூன்று மணிக்கு ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

"அண்ணி, என்ன பண்ணி வச்சிருக்கீங்க? நல்லா இருந்த ப்ரொஃபைல இப்படிக் குத்துயிரும் குலையுயிருமா ஆக்கிட்டீங்களே."

அவன் தொழில் தெரிந்தவன், தெரிந்ததையெல்லாம் சொன்னான். இப்போது பயோடேட்டாவை முதலில் மனிதன் படிப்பதில்லை, கம்ப்யூட்டர்தான் படிக்கிறது. பட்டம் இல்லையென்றால் அது அங்கேயே தள்ளிவிடும். நாற்பதைத் தாண்டிய வயது அடுத்த அடி. அதையெல்லாம் தாண்டி ஒரு மனிதன் கண்ணில் பட்டாலும், அந்தக் கடைசி வரியைப் பார்த்ததும் வம்பு பிடித்தவள் என்று மூடிவைத்துவிடுவான். சொந்தக் காரணங்களுக்காக விலகினேன் என்று நாலு வார்த்தை போட்டால் போதும், உலகமே அப்படித்தான் போடுகிறது. அண்ணி கொஞ்சம் வளைந்து கொடுத்தால் தானே பத்து இடத்தில் பேசிப் பார்ப்பதாகவும் சொன்னான். அதில் கபடம் இல்லை. அண்ணி மேல் அவனுக்குப் பாசம் உண்டு.

அவன் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்து அக்கா சொன்னாள்.

"தம்பி, பொய்யா ஒரு பக்கத்துல கையெழுத்துப் போட மாட்டேன்னுதான் அந்த வேலையே போச்சு. அடுத்த வேலைக்கு நீ கொடுக்கற பக்கத்துல போடுவேன்னு எப்படி நெனச்ச?"

அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் மாலை வேன் எடுக்கப் போவதற்காகச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். வீட்டில் எந்த வழக்குக்கும் சாட்சி சொல்லாத மனிதர். அன்றைக்கு மட்டும் குனிந்த தலையை நிமிர்த்தாமலேயே, அவள் பேருக்குக் கீழே இருப்பதை அவள்தானே எழுத வேண்டும் என்றார். கொழுந்தன் ஹெல்மெட்டோடு திரும்பிப் போனான்.

அவன் சொன்னது பலித்தது. முதல் மூன்று வாரம் ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. திங்கட்கிழமைதோறும் தளம் ஒரு கடிதம் அனுப்பும்: இந்த வாரம் உங்கள் ப்ரொஃபைலைப் பார்த்தவர்கள் பூஜ்யம். கூடவே ஒரு யோசனையும் சொல்லும், எதிர்மறையான சொற்களைத் தவிர்க்கலாமே என்று. அக்கா அதைப் படித்துவிட்டு அழிப்பாள். நேரில் போன ஒரு இடத்தில், மனிதவளப் பிரிவில் இருந்த பெண், மகள் வயதுதான் இருக்கும், அந்த வரியை மட்டும் மாற்றினால் இயக்குநரிடம் கொண்டுபோவதாகக் கெஞ்சாத குறையாகச் சொன்னாள். அக்கா அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது, இந்தப் பிடிவாதம் யாருக்காக என்ற கேள்வி வராமல் இல்லை. வந்தது. வந்த பேருந்தில் ஏறியபோது அதுவும் கூடவே ஏறிக்கொண்டது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் அவள் லேப்டாப்பைத் திறக்கவில்லை. எங்கே கை தானாகப் போய் அந்த வரியை அழித்துவிடுமோ என்ற பயம்.

நாலாவது வாரம் பார்த்தவர்கள் ஒன்று என்றது தளம். அந்த ஒருவர் யாரென்பது இரண்டு நாளில் தெரிந்தது. அக்கா மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது பழைய மேனேஜர் கூப்பிட்டார். அவள் இடத்துக்கு ஆள் தேடி அதே தளத்தில் உறைநிலைக் கிடங்கு, மேற்பார்வை, அனுபவம் என்று தட்டியிருக்கிறார்கள். முதலில் வந்து நின்றது அவளே.

நலம் விசாரித்தார். வீட்டுக்காரரை விசாரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். அந்த வரி கம்பெனிக்குக் கெட்ட பெயர். அதை எடுத்துவிட்டால், தானாக விலகினார், மிகச் சிறந்த பணியாளர் என்று புதுச் சான்றிதழ் தரத் தயார். தெரிந்த இரண்டு இடங்களில் சொல்லியும் வைப்பார். எடுக்காவிட்டால் வக்கீல் வழியாகப் பேச வேண்டியிருக்கும். அது இரண்டு பக்கமும் சங்கடம்.

அக்கா கையிலிருந்த ஈரத் துணியைக் கொடியில் போட்டு, இரண்டு கிளிப்பும் மாட்டிவிட்டுத்தான் பேசினாள்.

"சார், அந்த வரியில பொய் எங்க இருக்குன்னு சொல்லுங்க. இப்பவே எடுத்துடறேன்."

"பொய்யா உண்மையாங்கறது இல்லம்மா இப்ப விஷயம்."

"எனக்கு அது ஒண்ணுதான் சார் விஷயம்."

"யாருக்காவது ஒண்ணு ஆச்சா? ஒருத்தனுக்கு வயித்து வலின்னு சேதி வந்துதா? அப்புறம் எதுக்கு இதப் பிடிச்சுத் தொங்கிட்டிருக்க?"

"ஒண்ணும் ஆகலங்கறது உங்க நல்ல நேரம் சார். அத நான் எப்படி நோட்டுல எழுத முடியும்?"

அவர் வைத்துவிட்டார். மூன்று மாதம் அக்கா அட்டைப்பெட்டிக் கிடங்கில் விழுங்கிவைத்த கோபம் இப்போதுதான் மேலே வந்தது. கீழே இறங்கி வந்து, கோபம் ஆறுவதற்குள் லேப்டாப்பைத் திறந்தாள். எடுக்கச் சொன்னார் அல்லவா? அந்த வரியை நீட்டினாள். எந்தத் தேதி, எந்த அறை, எத்தனை டிகிரி, எல்லாவற்றையும் சேர்த்தாள். வக்கீல் வந்தால் படிக்க வசதியாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு மத்தியானம் வெகுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

வக்கீல் வரவில்லை. வந்தது வேறொருத்தி.

அடுத்த ஞாயிறு மாலை கதவைத் தட்டியவள் அரை டிகிரி. அக்காவுக்கு அடுத்த ஷிஃப்டைப் பார்த்த மேற்பார்வையாளர். அக்காவைப் போலவே சத்தம் போட்டு டிகிரி சொல்வாள், ஆனால் பாதி வழியில் குரல் இறங்கிவிடும் என்பதால் லாரிக்காரர்கள் வைத்த பெயர். அந்தப் புதுப் பக்கத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான். எட்டு மாதமாக இருவரும் பேசவில்லை. எதிர்ப்பட்டால் இவளுக்கு என்னென்ன சொல்ல வேண்டும் என்று அக்கா மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். சாட்டையடி போல நாலு வாக்கியம்.

அரை டிகிரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கொடுத்த தேநீரைத் தொடவில்லை.

"தளத்துல பாத்தேன். தேதி போட்டுட்டீங்க அக்கா. மூணாம் அறைன்னும் போட்டுட்டீங்க. நாளைக்கு எவனாவது வந்து அந்த நோட்டப் புரட்டினா, அந்தப் பக்கத்துல யாரு பேரு இருக்கும்? மேனேஜர் பேரா? என் பேருதான் இருக்கும்."

அக்கா அந்த நாலு வாக்கியத்தையும் ஒதுக்கிவைத்தாள். ஏன் போட்டாய் என்று மட்டும் கேட்டாள்.

"போடலன்னா உங்கள மாதிரி வீட்டுல உக்காந்திருப்பேன். நீங்க முடியாதுன்னு சொன்னீங்க, வீட்டுக்கு வந்தா அண்ணன் வேன் ஓட்டறாரு. எங்க வீட்டுக்காரரு முதுகு போயி படுத்து ரெண்டு வருஷம் ஆச்சு. உங்களுக்கே தெரியும்."

தெரியும். ஆஸ்பத்திரிக்கு அக்காதான் கூடப் போனாள். எட்டு மாதமாகக் கையெழுத்தை மட்டும் நினைத்துக்கொண்டிருந்ததில் இந்த முதுகு அவளுக்கு மறந்தே போயிருந்தது. மேனேஜரை அடிப்பதாக நினைத்து ஓங்கிய கை இவள் கன்னத்தில் போய் விழுந்திருக்கிறது. அந்த மனிதருக்கு அது வலித்திருக்கவே வலித்திருக்காது.

அக்கா எழுந்து லேப்டாப்பை எடுத்து வந்தாள். அரை டிகிரியின் கண் முன்னாலேயே தேதியை அழித்தாள். அறையின் எண்ணை அழித்தாள். எத்தனை டிகிரி என்பதை அழித்தாள். பழைய இரண்டு வாக்கியங்களில் வந்து கையை எடுத்தாள்.

"இந்த வரிய எடுக்க மாட்டேன்" என்றாள்.

"எடுங்கன்னு நான் சொல்லவே இல்லயே அக்கா."

சேமித்தாள். ஆறிப்போன தேநீரை அரை டிகிரி ஒரே மடக்கில் குடித்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள். ரெக்கார்டருக்கு இப்போது பேட்டரி மாற்றியாகிவிட்டது. மாதம் பிறந்தால் ஆளே வந்து சோதித்துவிட்டுப் போகிறான். அக்கா சண்டை போடாவிட்டால் அதுவும் நடந்திருக்காது என்று கிடங்கில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள், மேனேஜர் காதில் விழாமல்.

இது நடந்து பத்து நாள் இருக்கும். மருந்து அனுப்பும் கிடங்கு ஒன்றிலிருந்து கூப்பிட்டார்கள். தடுப்பூசியும் இன்சுலினும் வைத்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் இடம். அக்கா வீட்டிலிருந்து இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும். நேர்காணல் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பேர் தாளைப் பார்த்தார்கள், நடுவில் இருந்தவர் அவளைப் பார்த்தார். தொழில்நுட்பத் தலைவர் என்றார்கள். தலை முழுக்க நரைத்திருந்தது. வலது கையில் ஆட்காட்டி விரலின் நுனி இல்லை. கம்ப்ரசர் பெல்ட் தின்ற விரல் என்று பார்த்த மாத்திரத்தில் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. மேசைக்குப் பின்னால் பிறந்த ஆள் இல்லை.

நடந்ததைச் சொல்லச் சொன்னார். சொன்னாள். ரெக்கார்டர் செத்துக் கிடந்தது, நோட்டில் எழுதவில்லை, பிறகு கம்ப்ரசர் எத்தனை மணி நேரம் நின்றது என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். வேலை தேட ஆரம்பித்ததிலிருந்து அவளிடம் யாரும் கேட்காத கேள்வி. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பட்டாணி மூட்டையைக் கதவோரம் ஒன்று, நடுவில் ஒன்று, விசிறிக்குக் கீழே ஒன்று என்று மூன்று இடத்தில் பிரித்துப் பார்த்ததைச் சொன்னாள். விசிறிக்குக் கீழே பட்டாணி உதிரியாக இருந்தது. நடுவில் பாதிக்குப் பாதி. கதவோரம் முழுக்க இளகி மறுபடி உறைந்து ஒரே கட்டி. ஐஸ்கிரீம் மூடியிலிருந்து ஒரு விரல் இறங்கியிருந்தது. காவலாளியை விசாரித்தாள். அவர் அந்த மோட்டார் சத்தத்தில்தான் தூங்குவார். சாயங்காலம் ஏழு மணி வாக்கில் சத்தம் நின்றதும் விழிப்பு வந்ததாகவும், வழக்கம்போல நின்று கிளம்பும் என்று விட்டுவிட்டதாகவும் சொன்னார். ஏழிலிருந்து பன்னிரண்டு, பதினேழு மணி நேரம். மூட்டையும் அதையேதான் சொன்னது.

தலைவர் விரல் நுனியால், இல்லாத விரல் நுனியால், மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்னிக்கு நடந்தது இது? எந்தத் தேதி?"

"அத மட்டும் சொல்ல மாட்டேன் சார்."

ஓரத்தில் இருந்தவர் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். ஏன் என்று கேட்டார் தலைவர்.

"என் பங்கு முழுசும் சொல்லிட்டேன். மத்தவங்க பங்கு என்னோடது இல்ல. அங்க இன்னும் வேலை பாக்கறவங்க இருக்காங்க."

வேலை போயிற்று என்றே அக்கா நினைத்தாள். அப்படி நினைத்தபோதும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை. தலைவர் தண்ணீர் குடித்தார். இங்கே மேற்பார்வையாளர் பதவி காலியில்லை, அதற்கு ஒரு படி கீழே ஷிஃப்ட் பொறுப்பாளர் பதவிதான் என்றார். பையன்கள் எல்லோரும் படித்தவர்கள், அவள் சொன்னதை முதல் வாரத்தில் ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்றார். அவளுக்குச் சம்மதமா என்று கேட்டார்.

"ஒண்ணு கேக்கலாமா சார்?"

கேளுங்கள் என்றார்.

"வெப்பநிலை நோட்டுல பக்கத்துக்குப் பக்கம் நம்பர் அச்சடிச்சுக் கொடுக்கணும். ஒரு பக்கம் காணாமப் போனா போனதுன்னு தெரியணும். அது இருந்தா நாளைக்கே வர்றேன்."

ஓரத்தில் இருந்தவர், வேலை கேட்டு வந்தவர்கள் நிபந்தனை போட்டு அவர் பார்த்ததில்லை என்றார். தலைவர் அவரிடம் திரும்பி, அச்சகத்துக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள் என்றார்.

சொன்னது போலவே முதல் வாரம் ஒருவரும் கேட்கவில்லை. குளிர்பெட்டிக் கதவை அரை நிமிடத்துக்கு மேல் திறந்து வைக்காதே என்று ஒருவனிடம் அவள் மூன்று தடவை சொன்னாள். நாலாவது தடவை தானே போய்ச் சாத்தினாள். பழைய சம்பளத்தைவிடக் குறைவு, பழைய தூரத்தைவிட அதிகம். கொழுந்தன் வந்து, எப்படியோ நடந்துவிட்டது என்றான். எப்படியோ இல்லை தம்பி, எழுதியிருந்தபடி நடந்தது என்றாள் அக்கா. அவன் ஒப்புக்கொள்ளவில்லை. நூறு பேர் இப்படி எழுதினால் தொண்ணூற்றொன்பது பேர் வீட்டில்தான் இருப்பார்கள் என்றான். அதுவும் உண்மைதான் என்று அக்காவுக்குத் தோன்றியது. இருந்தும் அதற்காக அவள் பக்கத்தை மாற்றி எழுத முடியாது.

மாதம் முடிந்ததும் தளம் ஒரு கேள்வி அனுப்பியது. வேலை கிடைத்துவிட்டதா? உங்கள் ப்ரொஃபைலை மறைத்துவிடலாமா? அக்கா புது வேலையை மேலே சேர்த்தாள். ஒவ்வொரு கட்டமாகச் சரிபார்த்தாள். காரணம் என்ற இடத்தில் அந்த இரண்டு வாக்கியங்கள் அப்படியே இருந்தன. வேலைதான் கிடைத்துவிட்டதே, இனிமேலாவது அதை எடுத்துவிட்டால் என்ன என்று கணவர் பின்னால் நின்று கேட்டார்.

"இருக்கட்டும். பழைய கம்பெனிக்காரங்க ஆள் தேடறப்பல்லாம் முதல்ல நான்தான் வந்து நிப்பேன்" என்றாள்.

மறைக்க வேண்டாம் என்ற கட்டத்தில் குறியிட்டு, சேமித்து, லேப்டாப்பை மூடினாள். மதிய ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. முதல் பேருந்தை விட்டால் இரண்டாவதும் போய்விடும்.